மேக்னம் மோகம்

"மாமா, ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன்" என்றான் அக்கா மகன், சாம்பார் சாதத்துக்கு அப்பளம் நொறுக்கிக்கொண்டே.

டென்வரில் அவன் வீட்டுக்கு இரண்டு மாத விருந்தாளியாகப் போயிருந்தேன். போன மூன்றாம் நாள் இந்த அறிவிப்பு. அவன் மனைவி ஆச்சரியப்படவில்லை. "நாலு மாசமா இதே பேச்சுதான் மாமா. நீங்களாவது கேளுங்க" என்று சொல்லிவிட்டு ரசம் எடுக்கப் போய்விட்டாள்.

பயப்பட வேண்டாம். யாரையும் சுட அல்ல. எல்க் வேட்டைக்கு. எல்க் என்பது நம்ம ஊர்க் கடமானுக்கு அண்ணன் மாதிரி. நல்ல ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் இருக்கும் மாநிலம் கொலராடோ. அங்கே அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து, சீசன் வகுத்து, எந்தப் பகுதியில் எத்தனை என்று கணக்கு வைத்து வேட்டையை நடத்துகிறது. ஆபீஸில் கூட வேலை பார்க்கிற நாலு பேர் வருஷா வருஷம் போகிறார்களாம். இவனுக்கும் ஆசை.

(இங்கேயே ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இதைப் படித்த உற்சாகத்தில் யாரும் முதுமலைப் பக்கம் போய் நிற்காதீர்கள். ஜாமீன் எடுக்க நான் வர மாட்டேன்.)

"பட்ஜெட் எவ்வளவு?" என்றேன்.

"எல்லாம் சேர்த்து 1500 டாலர்."

"என்ன வாங்கப் போறே?"

கண்கள் மின்ன, ".300 வின்செஸ்டர் மேக்னம்" என்றான். கடைக்காரர் சொன்னாராம். ஆபீஸ் நண்பர்கள் சொன்னார்களாம். யூடியூபில் தாடி வைத்த ஒருவர் 800 கஜத்திலிருந்து எல்க்கைச் சாய்த்ததைப் பார்த்தானாம்.

நான் துப்பாக்கி நிபுணன் இல்லை. காலேஜில் என்.சி.சி.யில் .22 ரைஃபிளில் சுட்டதோடு சரி. ஆனால் ஜிம் கார்பெட்டைத் திரும்பத் திரும்பப் படித்தவன். அந்த வியாதி துப்பாக்கி பற்றியும் கொஞ்சம் படிக்க வைத்தது. அந்த உரிமையில் சொல்கிறேன்: முதல் துப்பாக்கி வாங்குகிறவனுக்கு மேக்னம் சிபாரிசு செய்கிறவர்கள் அவனுக்கும் நண்பர்கள் இல்லை, அந்த மிருகத்துக்கும் நண்பர்கள் இல்லை.

இதென்ன, கொல்லப்போகிற மிருகத்துக்கு நண்பன் என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் மேக்னம் என்றால் என்ன? சாதாரண வேட்டைத் தோட்டா .308 வின்செஸ்டர். 1952-ல் வந்தது. அதற்கும் முன்னால் 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த .30-06. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கண்டத்தில் மான், எல்க், கரடி என்று எல்லாவற்றையும் வீழ்த்தி வந்தவை இந்த மாதிரித் தோட்டாக்கள்தான். .300 வின்செஸ்டர் மேக்னம் 1963-ல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், .308, .300 இரண்டிலும் பறக்கிற குண்டின் விட்டம் ஒன்றுதான். பின்னால் அடைத்திருக்கும் மருந்துதான் அதிகம். அதே எடைக் குண்டை .308 நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் தள்ளினால், மேக்னம் சுமார் 900 மீட்டரில் தள்ளும்.

கிடைப்பது எட்டில் ஒரு பங்கு கூடுதல் வேகம். அதற்குக் கொடுக்கும் விலை? ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உதை. இந்த உதை எல்க்குக்கு இல்லை. உங்கள் தோளுக்கு.

எனக்கு வாதம் பண்ணி ஜெயிக்கிற வயசு போய்விட்டது. "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுட்டுப் பாரேன்டா" என்றேன். அந்த வாரக் கடைசியில், நண்பர் ஒருவரின் .300 மேக்னத்தைக் கடன் வாங்கிக்கொண்டு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனோம்.

காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. 100 கஜத்தில் காகித இலக்கு. முதல் குண்டு அழகாக நடுவுக்குப் பக்கத்தில் விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். இரண்டாவது கொஞ்சம் கீழே. மூன்றாவது இன்னும் கீழே, இடது பக்கம். ஆறாவது குண்டு காகிதத்திலேயே இல்லை.

"ஸ்கோப் சரியில்லை மாமா."

பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. நெடுநேரமாக இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒரு தடவை லோட் பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டு வாங்கினார். இவனுக்குத் தெரியாமல் ஒரு டம்மித் தோட்டாவைப் போட்டார். மருந்து இல்லாத பொம்மை. இவன் குறி பார்த்து விசையை அழுத்தினான். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கி முனை அரை அடி கீழே இறங்கியது. தோள் முன்னால் பாய்ந்தது. கண் இரண்டும் இறுக மூடியிருந்தன.

குண்டே இல்லாத துப்பாக்கிக்கு அப்படி ஒரு நடுக்கம்.

தாத்தா சிரிக்கவில்லை. "இது எல்லாருக்கும் வர்றதுதான். பெரிய துப்பாக்கியில ஆரம்பிச்சா சீக்கிரமா வரும், லேசுல போகாது" என்றார். பிறகு தன் பழைய .308-ஐ எடுத்துக் கொடுத்தார். இருபது குண்டுகள் சுட்டான். கடைசி ஐந்தும் ஒரு டிபன் தட்டுக்குள் அடங்கின.

ஆங்கிலத்தில் இந்த நடுக்கத்துக்கு 'ஃப்ளிஞ்ச்' என்று பெயர். ஊசி போட வரும் நர்ஸைப் பார்த்ததுமே புஜம் விறைக்கிறதே, அதே சமாசாரம். உடம்புக்கு வலி ஞாபகம் இருக்கிறது. மூளை என்ன சொன்னாலும் கேட்காது. விசையை அழுத்தும் அந்தக் கணத்தில் முனை இம்மி அசைந்தால் போதும். 200 கஜத்துக்கு அப்பால் குண்டு ஓர் அடி தள்ளிப் போய்விடும்.

ஓர் அடியில் என்ன இருக்கிறது? சொல்கிறேன்.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம். எல்க்குக்கு இன்னும் சற்றுப் பெரிசு. அந்த வட்டத்துக்குள் பட்டால் சில நொடிகளில் கதை முடிந்தது. ஓர் அடி பின்னால் பட்டால் வயிறு, குடல். அது உடனே சாகாது. ஓடும். மலை ஏறி, பள்ளம் இறங்கி, காட்டுக்குள் எங்கோ போய்ப் படுத்து, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் செத்துக்கொண்டே இருக்கும். காயம்பட்ட மிருகத்தை நியாயமான அளவுக்காவது தேடாமல் விட்டுவிட்டு வந்தால் கொலராடோ சட்டப்படி குற்றம். ஆனால் இருட்டிய மலையில் சட்டம் எத்தனை தூரம் கூட நடக்கும்?

"அதுக்குத்தான் மேக்னம்! கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் பவர்ல விழுந்துடும்" என்பார்கள். கடைக்காரர்கள் வாயிலிருந்து வரும் பொய்களிலேயே பெரிய பொய் இதுதான். குடலில் பட்ட .308-க்கும் குடலில் பட்ட மேக்னத்துக்கும் அந்த மிருகத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் நரகம்.

நம்பிக்கை இல்லையா? டபிள்யூ.டி.எம். பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அந்தப் பாவத்தை நான் மெச்சவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் சுட்டது யானைத் துப்பாக்கியால் அல்ல; .275 ரைஃபிளால். இன்றைக்கு மான் வேட்டைக்குப் போதும் என்று சொல்கிறார்களே, அந்த அளவு. எப்படி முடிந்தது? யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்திலிருந்து எங்கே குறி வைக்க வேண்டும் என்று படித்தார். மருந்தின் அளவைக் கூட்டவில்லை. தன் அறிவைக் கூட்டினார்.

இனி கார்பெட்டுக்கு வருகிறேன்.

1907-ல் அவர் சுட்ட சம்பாவத் பெண் புலி நேபாளத்திலும் குமாவூனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதைச் சுட்ட பிறகு கார்பெட் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கம் மேலும் கீழும் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. மேல் பல் பாதி. கீழ்ப் பல் எலும்பு வரைக்கும். பழைய துப்பாக்கிக் காயம். அதனால்தான் அதால் இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல் போனது, மனிதர்களைப் பிடித்தது என்று எழுதியிருக்கிறார்.

யாரோ ஒருவன். எந்த ஊரோ, என்ன துப்பாக்கியோ. குறி தவறிச் சுட்டான். புலி ஓடிவிட்டது. அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். 436 வீடுகளில் எழவு விழுந்தது. அந்தப் பல்லை உடைத்தவன் பெயர் சரித்திரத்தில் இல்லை.

ஒரு மோசமான குண்டு சுட்டவனோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

கொலராடோவில் எல்க் மனிதனைத் தின்ன வராது, வாஸ்தவம். அதனால் அங்கே விலை கொடுப்பது அந்த எல்க் மட்டும்தான். கேட்க நாதியில்லாத விலை என்பதால் அது சின்ன விலை ஆகிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புலியைக் கொன்றதற்காகக் கார்பெட்டுக்கு ஒரு ரைஃபிள் பரிசு கிடைத்தது. ரிக்பி கம்பெனியின் .275. அதேதான், பெல் வைத்திருந்த அளவு. 1926-ல் ருத்ரபிரயாகை எட்டு வருஷம் நடுங்க வைத்த சிறுத்தை விழுந்ததும் ஒரு .275 குண்டில்தான். புலிக்கென்று கார்பெட்டிடம் பெரிய இரட்டைக்குழல் ரைஃபிளும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் சின்னது போதும் என்கிற இடத்தில் சின்னதை எடுக்க அவருக்குக் கூச்சம் இல்லை.

நமக்குத்தான் கூச்சம். இந்த வியாதி வேட்டைக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நம் வீடுகளில் துணி காயப்போடும் டிரெட்மில்கள் எத்தனை? ஆட்டோ மோடைத் தாண்டாத லட்ச ரூபாய் கேமராக்கள் எத்தனை? சரளி வரிசை முடிவதற்குள் தஞ்சாவூரில் ஆர்டர் கொடுத்து வாங்கிய வீணைகள் எத்தனை? கற்றுக்கொள்வதற்கு நாளாகும், வாங்குவதற்கு ஒரு கார்டு போதும். அதனால் வாங்கிவிடுகிறோம். ஆனால் தூசி படிந்த வீணையால் யாருக்கும் வலிப்பதில்லை. துப்பாக்கி அப்படி இல்லை.

சரி, திட்டியது போதும். 1500 டாலரை எப்படிச் செலவழிப்பது? அன்று ராத்திரி அவனும் நானும் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டோம்.

மேக்னம் திட்டம்: ரைஃபிளும் அதற்கு ஈடான ஸ்கோப்பும் சேர்ந்து 1350 டாலரை விழுங்கிவிடும். மீதியில் இரண்டு பெட்டி தோட்டா. பெட்டிக்கு 20. மேக்னம் தோட்டா ஒன்று இரண்டு, மூன்று டாலர். ஆக 40 தோட்டா. ஸ்கோப்பைச் சரிசெய்யவே பத்துப் பதினைந்து போய்விடும். மிச்சம் இருபத்தைந்து தோட்டாவில் ஒருவன் சுடக் கற்றுக்கொண்டு, அதோடு ஓர் உயிரை எடுக்கவும் போகிறான்.

எங்கள் திட்டம்: .308-ல் சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், 500 டாலர். ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளிப் போடுகிற வகை. (பையன் திண்டுக்கல்காரன். தாழ்ப்பாளைப் பற்றி அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) சாவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் என்று 2010-க்குப் பிறகு வந்த மலிவு ரகங்கள் இந்த விலையை ஒட்டிக் கிடைக்கின்றன. கட்டை பிளாஸ்டிக்தான். பார்க்க அழகில்லை. ஆனால் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் சுடும். 200-ல் மூன்று அங்குலம். நமக்குத் தேவை எட்டு அங்குல வட்டம். அதாவது, கடையில் இருக்கும் மட்டமான புதுத் துப்பாக்கியே வாங்க வந்தவனைவிட நன்றாகச் சுடும்!

ஸ்கோப்புக்கு 280. ரைஃபிளோடு சேர்த்துக் கட்டி இலவசம் மாதிரி தள்ளிவிடும் ஸ்கோப்பில் ஏமாறாதீர்கள். கருக்கலில் கண்ணாடிதான் கண். 3 முதல் 9 மடங்கு காட்டுவது தாராளம். அதைப் பொருத்தும் வளையங்கள், இத்யாதி 50. காது மூடி, கண்ணாடி 60. தோட்டா 10 பெட்டி, அதாவது 200 தோட்டா, ஒன்று ஒன்றரை டாலர் சுமாருக்கு 330 வரை. மொத்தம் 1220.

மீதி 280 வரிக்கும் ரேஞ்ச் கட்டணத்துக்கும். 2025 ஏப்ரலிலிருந்து கொலராடோவில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 6.5 சதவிகிதம் தனி வரி வேறு இருக்கிறது. மத்திய அரசு ரைஃபிள்மீதும் தோட்டாமீதும் போடும் 11 சதவிகிதம் விலையிலேயே அடக்கம். அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க வேட்டைக்காரனுக்கு நான் தலை வணங்குவேன்.

இதெல்லாம் போகக் காசே இல்லாத ஒரு பயிற்சி இருக்கிறது. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, வெளிச் சுவரில் ஒரு புள்ளியைக் குறி வைத்து விசையை அழுத்த வேண்டும். குழலின் மேல் ஒரு நாணயம். அது விழாமல் விசை இறங்க வேண்டும். தினம் இருபது முறை. என்.சி.சி.யில் எங்கள் ஹவில்தார் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: "விசையை இழுக்காதே, அழுத்து."

எதிர்க்கட்சிக்கும் ஒரு வார்த்தை. ஆப்பிரிக்காவில் காட்டெருமைக்குப் பல நாடுகளில் .375-க்குக் குறைந்து சட்டமே அனுமதிக்காது. அலாஸ்காவின் பழுப்புக் கரடிக்குப் பெரிசு நல்லது. பத்து வருஷம் சுட்டுப் பழகி, திறந்த வெளியில் தூரத்தில் சுடத் தெரிந்தவன் மேக்னம் வைத்துக்கொள்ளட்டும். அவன் சம்பாதித்துவிட்டான். நான் பேசுவது முதல் துப்பாக்கி பற்றி. கொலராடோ அரசாங்கம் எல்க்குக்குக் கேட்பதே குறைந்தபட்சம் .24 அளவு, 85 கிரெயின் குண்டு. அதாவது ஐந்தரை கிராம். அவர்களுக்குத் தெரியாத எல்க்கா?

அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்க அமெரிக்க மத்திய சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. கொலராடோவில் 1949 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்தால்தான் லைசென்ஸ். கடையில் படிவம், பின்னணி விசாரணை, 2023 அக்டோபரிலிருந்து மூன்று நாள் காத்திருப்பு. குறுக்கு வழி தேடாதீர்கள். கிரீன் கார்டு கனவு காண்பவர்கள் குறிப்பாக.

"ஆக, பணத்தைப் பத்திரமா செலவழிச்சுக் கொல்லச் சொல்றீங்க" என்று ஒரு வாசகி கோபமாக எழுதப்போகிறார், தெரியும். அம்மா, ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடைக் க்யூவில் நிற்கிற எனக்கு அவனைத் தடுக்க யோக்கியதை இல்லை. கொல்லாமல் இருப்பது உயர்ந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொல்வது என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால், அவன் அந்த உயிருக்குப் பட்டிருக்கும் ஒரே கடன், அதை வேகமாக முடிப்பது. அந்தக் கடனை மேக்னம் அடைக்காது. இருநூறு தோட்டாப் பயிற்சி அடைக்கும்.

நான் ஊர் திரும்பும் முன் அவன் .308 வாங்கிவிட்டான். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போன். "மாமா, டிபன் தட்டு, உட்கார்ந்து சுட்டா 150 கஜம் வரைக்கும் தப்பலை. நின்னுக்கிட்டுச் சுட்டா 60-தான்."

"அப்போ காட்டுல அதான் உன் எல்லை. 151-ல நின்னா?"

"சல்யூட் அடிச்சிட்டு வந்துடுவேன்."

அக்டோபரில் போனான். ஐந்து நாள். 3000 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்க, ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியுமாக நடந்தான். நாலாம் நாள் காலையில் ஓர் ஆண் எல்க் கண்ணில் பட்டதாம். 300 கஜத்துக்கு மேல். பக்கத்தில் போக வழியில்லை. ஐந்து நிமிஷம் ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இறங்கி வந்துவிட்டான்.

வெறுங்கையோடு வந்ததற்கு ஆபீஸில் கேலி பண்ணினார்களாம். "மேக்னம் இருந்திருந்தா அடிச்சிருக்கலாம்" என்றார்களாம்.

"நீ என்ன சொன்னே?"

"சுட்டிருக்கலாம்னு சொன்னேன் மாமா. அடிச்சிருக்க முடியுமான்னு தெரியாதுன்னேன்."

அக்கா நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறாள்.